மாவு கொட்டாத உத்தரம்

முதலில் அதைப் பார்த்தது என் குழந்தையின் கண்ணிமையில். பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். இமை மயிரின் மேல் வெளிர்மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. குளிப்பாட்டிப் பவுடர் போட்டவள் நான்தான். ஆனால் கண் பக்கம் நான் போடுவதே இல்லை. விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பவுடரின் வழவழப்பு இல்லை, லேசாக நெருடியது. மூக்குக்குள் போயிருக்குமோ, வாய்க்குள் போயிருக்குமோ என்று அவன் உதட்டை விலக்கிப் பார்க்கப் போனதில் அவன் விழித்துக்கொண்டு அழுததுதான் மிச்சம்.

அண்ணாந்து பார்த்தேன். தொட்டில் சேலையை முடிந்திருந்த உத்தரம் கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே, பிளந்த மூங்கில்களைப் பரப்பிச் செய்த பரண். எங்கள் வீட்டில் அதை அட்டாலி என்பார்கள். அண்டா குண்டாக்கள், கிழிந்த சாக்குகள், யாரும் எடுத்துப் பார்க்காத மரப்பெட்டி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதற்கும் மேலே கைமரங்கள், ரீப்பர், ஓடு. கீழே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே இருட்டு.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே வளர்ந்தவள். கல்யாணமாகி மோகனூர்ப் பக்கம் இந்த ஓட்டு வீட்டுக்கு வந்தபோது, படுத்துக்கொண்டு பார்க்க மேலே இவ்வளவு இருக்கிறதே என்றுதான் தோன்றியது. குழந்தை பிறந்த பிறகு அதையெல்லாம் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அவன் மேல் விழக்கூடியவை என்னென்ன என்று.

அத்தையிடம் போய் விரலைக் காட்டினேன். அவர் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"எலி ஏதாச்சும் ஓடியிருக்கும். தூசி உளுந்திருக்கும்."

"தூசி இல்லீங்க அத்தை. மரம் உளுத்து மாவு கொட்டுதுங்க."

"உன்ற மாமனுக்கு அந்த உத்தரத்துலதான் தொட்டிலு கட்டுனாங்க. உன்ற ஊட்டுக்காரனுக்கு நாங் கட்டுனேன். அவன் அக்காளுக்கும் அதேதான். எல்லாரும் உசுரோடதான அம்மிணி இருக்கறாங்க?"

இருக்கிறார்கள்தான்.

அன்று மாலை என் கணவர் லாரியிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தார். குஜராத் போகும் வழியில் எங்கோ ஒரு பங்க்கில் நின்றிருந்தார். போனைத் திருப்பி உத்தரத்தைக் காட்டினேன். "ஒண்ணுமே தெரியலியே, கறுப்பாத்தான் இருக்குது" என்றார். அதுதான் எனக்கும் பிரச்சினை. அந்த வீட்டில் மரங்கள் எல்லாமே கறுப்பு. லாரிக்கு ஆயில் மாற்றும்போது வடியும் பழைய ஆயிலைக் கேனில் பிடித்து வைத்திருந்து, பொங்கல் நோம்பிக்கு முன்னால் சாக்குத் துணியில் தோய்த்து உத்தரம், கைமரம் எல்லாவற்றுக்கும் பூசுவார்கள். மாமனார் லாரி ஓட்டிய காலத்திலிருந்தே வழக்கம். கரையானை இங்கே செல்லு என்பார்கள். ஆயில் வாசம் இருக்கிற மரத்தில் செல்லு ஏறாது என்பது அவர் கணக்கு. அடுக்கடுக்காக ஆயில் குடித்த மரத்தில் ரேகையும் தெரியாது, ஓட்டையும் தெரியாது, விரிசலும் தெரியாது.

ஒரே ஓர் அறைக்கு மட்டும் ஆயில் பூசுவதில்லை. நடு அறைக்குப் பக்கத்தில் உள்ள நெல்லறை. ஆயில் நாற்றம் நெல்லில் இறங்கி, சோற்றில் லாரி வாசம் வரும் என்று அத்தை அந்த அறைக்குள் கேனையே விடமாட்டார்.

மறுநாள் மாமா என்னைக் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"பையனத் தூக்கிக்க சாமி."

தூக்கிக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டினார். தொட்டில் சேலையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தார். காலை மடக்கிக்கொண்டு அப்படியே தொங்கினார். தொங்கியபடியே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, முகம் அத்தை பக்கம் வந்தது, பிறகு என் பக்கம் வந்தது. உத்தரம் முனகக்கூட இல்லை.

"பாத்துக்க. உன்ற பையன் எட்டு மாசத்துப் பொடிசு. நான் ரெண்டு மூட்டை இருப்பேன்."

"மொதல்ல எறங்குங்க" என்றார் அத்தை. "சேலை கிழிஞ்சா ஆரு எடுத்துத் தாரது?"

குழந்தை தாத்தாவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, இப்போது தொங்கியதில் உள்ளே ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று நினைத்தேன்.

"மாவு மூங்கில்லருந்து கொட்டுது அம்மிணி. மூங்கிலுன்னா உளுக்கத்தான் செய்யும். உத்தரம் இரும்பாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். பின்னால் யோசித்தால் அதில் முதல் பாதி சரிதான். அன்றைக்கு நான் அதை என்னைச் சமாளிக்கச் சொன்ன பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அத்தை பால் கறக்கப் போன நேரத்தில் ஏணியைச் சாத்தி ஏறினேன். ஒரு கையில் கணவரின் டார்ச், இடுப்பில் செருகிய திருப்புளி, ஸ்க்ரூ முடுக்குவது. பரண் மேல் நிமிர்ந்து நிற்க முடியாது, தவழத்தான் முடியும். மூங்கில் முட்டியில் குத்தியது. வௌவால் புழுக்கை நாற்றமும் பழைய ஆயில் நாற்றமும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. உத்தரத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டினேன். டக் டக் என்றது. அது நல்ல சத்தமா, கெட்ட சத்தமா? தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரியாதவள் நான். இன்னொரு இடத்தில் தட்டினேன். அங்கேயும் டக் டக். நுனியால் குத்திப் பார்க்கலாம் என்று நினைத்தேன், பிறகு நன்றாக இருக்கிற மரத்தை நானே ஓட்டை போட்டுவிடுவேனோ என்று எடுத்துவிட்டேன். கீழே குழந்தை அழும் சத்தம் கேட்டதும் இறங்கிவிட்டேன். முகம், கை, முந்தானை எல்லாம் ஆயில்.

"பள்ளிக்கூடத்துல டெஸ்ட்டு வெச்ச பழக்கம் போகல உனக்கு" என்று அத்தை என் கன்னத்தைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினேன். அதை அவர் அடிக்கடி சொல்வார், சில சமயம் பெருமையாக.

எனக்குத் தூக்கம் போனது. தொட்டில் ஆடும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டே ஆட்டினேன். கடைசியில், தொட்டிலை நெல்லறைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அந்த அறை உத்தரத்துக்கு ஆயில் கிடையாது. மரம் மரமாகத் தெரிந்தது. பழுப்பு நிறத்தில் ரேகை ஓடி, ஓர் ஓட்டை இல்லாமல், வழவழவென்று. கண்ணால் பார்த்துவிட்டோமே என்ற தைரியத்தில் நிற்காமல், இன்னொன்றும் செய்தேன். அதற்கு நேர் கீழே என் கறுப்புத் துப்பட்டா ஒன்றை விரித்து வைத்து, மறுநாள் காலையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு துகள்கூட இல்லை. திரும்பவும் விரித்தேன், திரும்பவும் இல்லை. பரிசோதனை என்றால் இதுதான் என்று எனக்குள் ஒரு திருப்தி.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நெல்லு இருக்கற எடத்துல மூத்திரத் துணியா?" என்றார். மாமாதான், "அவ மனசு சமாதானம் ஆகுட்டும், உடு" என்றார். அவரே ஏணியில் பாதி ஏறி, கீழிருந்தே கயிற்றை வீசி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எந்த இடத்தில் கட்ட என்று முதலிலேயே கேட்டார். சுவரோரமாக, ஜன்னல் காற்று வரும் இடத்தில், என்று கையைக் காட்டினேன்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, டவுனில் வளர்ந்த பெண், இருட்டில் தோட்டத்துப் பக்கம் போகாது என்று மாமா அவசர அவசரமாக ஒரு குளியலறை கட்டினார். நெல்லறையின் வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலை விட்டுத் தள்ளிக் கட்டி, மேலே தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். டைல்ஸ்கூட என் வீட்டாரிடம் நிறம் கேட்டுத்தான் போட்டார். இன்றைக்கும் அந்தக் குளியலறைக்குள் போகும்போது எனக்குக் கூச்சமாகவும் நன்றியாகவும் இருக்கும். பழைய மண்சுவர் ஒன்றுக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. அடுப்பு, வயல், சுவர் என்று எல்லாவற்றைப் பற்றியும் தெரிந்தவர்கள் இருக்கும் வீட்டில் நான் யோசிக்க என்ன இருக்கிறது?

நெல்லறையில் குழந்தை நன்றாகத் தூங்கினான். இமையில் எதுவும் இல்லை. நானும் பகலில் அவன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, பல வாரங்கள் கழித்துக் கண் அயர்ந்தேன்.

பிறகு காதுகுத்து வந்தது. குலதெய்வக் கோயிலில் குத்தி, வீட்டில் விருந்து வைப்பது என்று முடிவானது. அட்டாலியில் கிடக்கும் பெரிய பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டு விளக்க வேண்டும் என்றார் அத்தை.

"நீதான் அங்கெல்லாம் ஏறிப் பழகிட்டயே அம்மிணி, ஏறு. நான் பையன ஆட்டிக்கறேன்."

அது காலை நேரம். ஓட்டுக்கு நடுவில் பதித்திருந்த கண்ணாடி வழியாகப் பரண் மேல் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் முதல் முறையாக மூங்கில்களைச் சரியாகப் பார்த்தேன். குண்டூசி குத்தியது போல ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டைக்குக் கீழும் மாவு. கையால் அழுத்தினால் அந்த மாவு சரிந்து கீழே நடு அறைக்குள் கொட்டியது. பக்கத்திலேயே கறுப்பு உத்தரம். அதில் ஒன்றுமில்லை. இந்த முறை திருப்புளி நுனியால் பலமாகவே குத்தினேன். கை வலித்தது, மரம் இறங்கவில்லை. மாமா சொன்னது சரி. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அத்தையிடம் ஒத்துக்கொண்டுவிட்டு, தொட்டிலைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அண்டாவை இழுத்துக்கொண்டு பரணின் விளிம்புக்கு வந்தேன். இந்த வீட்டில் அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர்கள் கூரை வரை போகாது, உத்தர மட்டத்தோடு நின்றுவிடும். அதனால் அட்டாலியிலிருந்து பார்த்தால் நெல்லறை முழுவதும் மேலிருந்து தெரியும். அத்தையின் நரைத்த உச்சி வகிடு, தொட்டில் சேலையின் குவியல், குழந்தையின் ஒரு பாதம். கிறீச் கிறீச் என்று கயிறு உரசும் சத்தம். வெயில் கட்டம் நகர்ந்து எதிரே, குளியலறையை ஒட்டிய வெளிச்சுவரின் உச்சியில் விழுந்திருந்தது.

அங்கே சுவருக்கு மேல், ஓட்டுக்கு அடியில், விரல் தடிமனில் ஒரு மண் கோடு இருந்தது. ஈர மண்ணின் நிறம். சுவரின் உள் விளிம்பிலிருந்து வளைந்து ஏறி, நெல்லறை உத்தரத்தின் மேல் முதுகில் போய்ப் படுத்திருந்தது. கீழே நின்றால் அந்த முதுகு யாருக்கும் தெரியாது. உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் மண் அப்பியிருந்தது, காயத்துக்குப் பற்றுப் போட்டது போல. அதற்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி, தொட்டில் கயிறு.

கரையானைப் பற்றி நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வெளிச்சத்துக்கு வராது, மண்ணில் பாதை போட்டு அதற்குள்ளேயே போகும், வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும் என்று கரும்பலகையில் படம்கூட வரைந்திருக்கிறேன். மாவு கொட்டாது. அது தின்றதை மண்ணால் நிரப்பிக்கொண்டே போகும். துப்பட்டாவை விரித்து வைத்த இரண்டு காலைகளிலும் அது ஏன் எனக்கு நினைவு வரவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

"அத்தை, தொட்டிலை நிறுத்துங்க."

"இப்பத்தான் கண்ணு சொக்குது. சும்மா இரு."

"நிறுத்திட்டு அவனைத் தூக்குங்க. ஆட்டாதீங்க."

"மறுக்கா ஆரம்பிச்சுட்டயா? உத்தரம் புடிக்கலைன்னு இங்க வந்த. இதும் புடிக்கலைன்னா இனி ஆகாசத்துலதான் கட்டோணும்."

அவர் கை நிற்கவில்லை. கிறீச். நான் ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் தோல் உரிந்திருந்ததை மாலையில்தான் பார்த்தேன். நெல்லறைக்குள் ஓடிக் குழந்தையை அள்ளினேன். அவன் வீறிட்டான். அத்தை எழுந்து நின்று என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

சத்தம் கேட்டு மாமா வந்தார். நான் மேலே கையைக் காட்டினேன். ஏணியை இந்தப் பக்கம் சாத்தி ஏறினார். சிறிது நேரம் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு கட்டைவிரலால் உத்தரத்தை அழுத்தினார். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். பழுப்புத் தோல் ஒரு சில்லாகப் பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே மரம் இல்லை. தேனடை மாதிரி அறை அறையாக மண்ணும், அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஓடும் பூச்சிகளும். மணிக்கட்டு வரை அவர் கை உள்ளே போனது.

என் தோளில் முகத்தைப் புதைத்து அவன் விசும்பிக்கொண்டிருந்தான்.

மாமா இறங்கி வந்து, வெளிச்சுவரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை அடைக்கும் சத்தம் கேட்டது. உனக்காகக் கட்டியதால் வந்தது என்று அவர் சொல்லாத அந்த வார்த்தைக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்ததும் அத்தை அவர் பக்கம் திரும்பினார்.

"கொத்தன் அன்னைக்கே சொன்னான், செவுத்துக்குத் தாரு பூசிட்டு அப்பறம் கட்டலாம்னு. வெசையா முடிக்கோணும்னு நீங்கதான் கேக்கல."

"ஆமா. நாந்தான்" என்றார் மாமா.

அதில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். அத்தை என் கையிலிருந்து குழந்தையை வாங்கி, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, வெறுமனே நினைத்துப் பார்க்கிறவர் போலச் சொன்னார்: "நல்ல எடத்துல இருந்தவன நீதான அம்மிணி இங்க கொண்டாந்து கட்டுன."

அவர் குத்திச் சொல்லவில்லை. குத்திச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்றே மாமா கொட்டகையிலிருந்து பழைய லாரி ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். நெல் மூட்டைகளை நாங்கள் மூவரும் நடு அறைக்கு இழுத்தோம். தரையில் கல்லை வைத்து, அதன் மேல் ஜாக்கி, ஜாக்கியின் மேல் பனந்துண்டு ஒன்று. செல்லு தின்னாத பக்கமாகப் பார்த்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். என் கணவர் போனில் இருந்தார். நான் போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, எச்சாத் தூக்கிராதீங்க. ஓடு பேந்துக்கும்."

"ஜாக்கி போடறதுக்கு எனக்கே கிளாஸ் எடுக்கறயாடா? ரோட்டப் பாத்து ஓட்டு."

"நிறுத்தித்தாங்க பேசறேன்." பிறகு என்னிடம், "பையன் எங்க?" என்றார்.

"அத்தைகிட்ட. வாசல்லங்க" என்றேன். அவர் முகம் திரையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

காதுகுத்து விருந்துக்கு வந்தவர்களுக்கு நெல்லறையில் நின்ற ஜாக்கி ஒரு வேடிக்கை ஆயிற்று. "ஊட்டுக்கு டயர் மாத்தறீங்களா மாமா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மழை விட்டதும் ஓட்டைப் பிரித்து உத்தரத்தை மாற்ற ஆசாரியிடம் சொல்லியிருக்கிறது. அவர் வந்து பார்த்துவிட்டு, இந்த அறைக்கும் ஆயில் பூசியிருந்தால் வந்திருக்காது என்றார். உள்ளே சுவர் வழியாக வந்ததற்கு மேலே பூசும் ஆயில் என்ன செய்யும் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.

தொட்டில் பழையபடி நடு அறையின் கறுப்பு உத்தரத்துக்கே போனது. கட்டுவதற்கு முன் நான் கேட்காமலேயே மாமா உத்தரத்தின் இரண்டு முனையிலும் சுவரின் காரையைக் கொத்தி எடுத்து, "வந்து நீயே குத்திப் பாரு சாமி" என்றார். குத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. நான் மறுபடி மறுபடி குத்திப் பார்த்து முடிக்கும் வரை அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூங்கில் மட்டும் இன்னும் உளுத்துக்கொண்டேதான் இருக்கிறது. தொட்டிலுக்கு மேலே மாமாவின் பழைய வேட்டி ஒன்றை நாலு முனையிலும் இழுத்துக் கட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அவிழ்த்து வாசலில் கொண்டுபோய் உதறுவேன். வெளிர்மஞ்சள் மாவு காற்றில் போவதைப் பார்த்தால் ஒரு நிம்மதி வருகிறது. மேலே இருப்பது இன்னதுதான், அது இன்னும் மூங்கிலைத்தான் தின்கிறது என்று.

இன்று காலை உதறியபோது அவ்வளவாக ஒன்றும் விழவில்லை. வேட்டியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. உள்ளே அத்தை அவனைத் தொட்டிலில் போடப் போவது கேட்டது.

"கொஞ்சம் இருங்க அத்தை, வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுக்கப் போனேன். இந்த முறை அவர் அவனைத் தொட்டிலில் போடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.